ஆபரேஷன் முடிந்த பிறகு வரும் மாதங்கள்

மார்கழி மாதம், விடிவதற்கு முன்பு, பால் கறக்க உட்கார்ந்த என் அண்ணனுக்கு வலது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. பெரியப்பா மகன், பெருந்துறைப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறார், வயது 48. குளிருக்கு விரல் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்து இடது கையால் கறந்துவிட்டு எழுந்தவர், கட்டுத்தறியிலேயே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு, அதனால் பக்கவாதம். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது. பங்காளிகள், மாமன் மச்சான், கோயில் கமிட்டி, அவர் பால் ஊற்றும் சொசைட்டிக்காரர்கள் என்று வாட்ஸ்அப்பில் சேதி போய், இரண்டே நாளில் நான்கு லட்சம் சேர்ந்துவிட்டது. கொடுத்தவர்களில் பாதிப் பேர் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளுக்கெல்லாம் கீழே, கடைசி வரியில், 'தினமும் பிசியோதெரபி' என்று எழுதியிருந்தது. ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்து போகும் ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடைத்தார். ஒரு தடவைக்கு 400 ரூபாய். முதல் மாதம் ஞாயிறு போக எல்லா நாளும் வந்தார். இரண்டாம் மாதம் அதுவே வாரத்துக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் மாதம் நான் போனபோது, வருவதே இல்லை என்று தெரிந்தது. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அண்ணியிடம் கேட்டேன். "இனி யாருகிட்டப் போய்க் கேக்கறது தம்பி? ஆபரேசனுக்குத்தான் எல்லாரும் குடுத்துட்டாங்களே" என்றார்.

நான் எழுத வந்தது முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். நம் ஊரில் உயிரைக் காப்பாற்றப் பணம் கிடைக்கிறது. காப்பாற்றிய உயிர் எழுந்து உட்கார்ந்து, தன் கையால் சாப்பிட்டு, தானே கழிப்பறைக்குப் போய்வருவதற்கு ஆகும் பணம் கிடைப்பதில்லை. கொடுக்க மனசில்லாமல் இப்படி ஆவதில்லை. இந்தச் செலவு மாதக்கணக்கில் வருவது. நம் கொடை ஒரே தடவையில் முடிந்துவிடுவது.

முதலில், அந்த மாதங்களில் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். பிசியோதெரபி என்றாலே 'கரண்ட் வைப்பது' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கரண்ட் வைப்பது அதில் சின்னப் பங்கு. பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி செத்துப்போகிறது, அது திரும்பாது. ஆனால் சுற்றியுள்ள பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்யவைத்தால்தான் அவை கற்கும். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதம் வரை நன்றாகவே தெரியும், அதற்குப் பிறகு மெதுவாகும், ஆனால் நிற்காது. அப்படியென்றால் கொடுக்கிற பணத்துக்கு அதிகப் பலன் கிடைப்பது அந்த முதல் ஆறு மாதத்தில். சொந்தபந்தங்களின் கை காலியாகி, எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவதும் சரியாக அதே மாதங்களில்தான்.

பயிற்சி நின்றால், முன்னேற்றம் நின்ற இடத்திலேயே நிற்கும் என்று நினைக்கக் கூடாது, பின்னால் போகும். அசையாத தோள் இறுகும். யாராவது அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் மூட்டே இறங்கிவிடும். விரல்கள் உள்ளே மடங்கி முஷ்டியாகும், குதிகால் தரையில் படாமல் பாதம் நீட்டிக்கொள்ளும். அண்ணனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் விட்டுப்போனதில் தோள் இறுகிவிட்டது. திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் அவர் வலியில் கத்தியது கட்டுத்தறி வரைக்கும் கேட்டது.

கை கால் பயிற்சி மட்டும் போதாது. அன்றாட வேலைகளுக்கான பயிற்சியை ஆக்குபேஷனல் தெரபி என்கிறார்கள். சட்டைப் பொத்தான் போடுவது, ஒற்றைக் கையால் லுங்கி கட்டுவது, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுவது எல்லாம் அதில் வரும். பேச்சுப் பயிற்சியாளர் பேச மட்டும்தான் கற்றுத்தருவார் என்பதும் தவறான எண்ணம். பக்கவாதம் வந்தவர் தண்ணீர் குடிக்கும்போது இருமினால், தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதிலிருந்து நிமோனியா வந்து இறந்துபோகிறவர்கள் உண்டு. எதை எந்தப் பதத்தில் விழுங்கவைக்கலாம் என்று பார்த்துச் சொல்வதும் அவர்கள் வேலைதான். வாய்ப்புற்று ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தாடை திறக்க, மார்பகப்புற்று ஆபரேஷன் ஆன பெண்களுக்குக் கை வீக்கம் குறைய என்று, புற்றுநோய்க்குப் பிறகும் பயிற்சி உண்டு. 'கேன்சர் சரியாகிவிட்டது' என்று நாம் மகிழ்ந்துவிட்டுப் போன வீடுகளில் அந்தப் பெண்கள் வீங்கிய கையோடுதான் துணி துவைக்கிறார்கள்.

கொங்குப் பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலையில் தென்னை ஏறி விழுந்தவர்கள், கிணற்று வேலையில் விழுந்தவர்கள், ஓடு மாற்றக் கூரை ஏறியவர்கள், சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் பைக்கில் அடிபட்டவர்கள். முதுகுத்தண்டு நரம்பு முழுவதுமாக அறுந்துவிட்டால் கால் திரும்ப வருவதற்கு இன்றைய மருத்துவத்தில் வழி இல்லை. உதவி செய்கிறவர்கள் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே 'எப்போ நடப்பாங்க?' என்பதுதான். நடக்க மாட்டார் என்று தெரிந்ததும், 'அப்புறம் எதுக்குப் பயிற்சி?' என்று கையை எடுத்துவிடுகிறார்கள். இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன், மனசு வெந்துபோய்விட்டது.

எதற்குப் பயிற்சி என்றால், உயிரோடு இருப்பதற்கு. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்குச் சிறுநீர்ப் பை நிறைந்தது தெரியாது. ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டுத்தான் இறந்தார்கள். 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடெஸ், நோயாளியே நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான ட்யூப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு, ட்யூபை எடுத்துவிடும் முறையைக் கொண்டுவந்தார். அது பரவியபின் ஆயுள் கூடியது. இதைக் கற்றுக்கொள்ள விலை உயர்ந்த மெஷின் எதுவும் வேண்டியதில்லை. பொறுமையாகச் சொல்லித்தரும் ஒரு ஆளும், சில வாரமும், ட்யூப் வாங்க மாதம் கொஞ்சம் பணமும் இருந்தால் போதும். படுக்கைப்புண்ணும் இப்படித்தான். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அடிக்கடி கையூன்றி இடுப்பைத் தூக்க வேண்டும். இந்தப் பழக்கம் ஏற்படாவிட்டால் புண் எலும்பு வரை போய், இன்னொரு ஆபரேஷனில் கொண்டுவந்து நிறுத்தும். அந்த ஆபரேஷனுக்கு மட்டும் மறுபடியும் வாட்ஸ்அப்பில் பணம் சேரும்.

நடக்காவிட்டால் வாழ்க்கை இல்லை என்பதும் பொய். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் மருத்துவரான மேரி வர்கீஸுக்கு 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி வந்தார். வேலூரில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பு. 1975இல் கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். நம் சேலத்திலேயே தசைச்சிதைவு நோய் உள்ள இரண்டு சகோதரிகள், வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும், தங்களைப் போன்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையை ஏற்படுத்தினார்கள். தசைச்சிதைவு நாளாக நாளாக மோசமாகும் நோய். அதில் பயிற்சி என்பது, மூட்டுகள் முறுக்கிக்கொள்ளாமல், மூச்சு எளிதாக, வலி குறைவாக இருப்பதற்காக. குணமாகாது என்று தெரிந்தே ஒருவருக்கு மூச்சுப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதை நான் வீண் என்று நினைக்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அப்படிப் பார்த்தா செய்கிறோம்?

சரி, அரசு என்ன செய்கிறது? நிறையவே செய்கிறது. முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கானது. வீட்டில் மாதக்கணக்கில் செய்யும் பயிற்சி அதற்கு வெளியே நின்றுவிடுகிறது. விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் கைகொடுக்கும். பெயரே சொல்வதுபோல் முதல் 48 மணி நேரத்துக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த விஷயத்தில் அருமையான திட்டம், ஏனென்றால் அதில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆனால் ஒரு வட்டாரம் முழுவதையும் அவர் சுற்ற வேண்டும். தாளவாடி மாதிரி, பர்கூர் மலை மாதிரி இடங்களில் அவர் உங்கள் வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வர முடியும் என்று யோசித்துப் பாருங்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் வராத நாட்களுக்கு யார் பணம் கட்டுவது என்பதே நம் கேள்வி.

உதவுகிறவர் காசை எடுப்பதற்கு முன்பு, அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியதை வாங்கிக்கொடுப்பதும் ஒரு உதவிதான், சொல்லப்போனால் பெரிய உதவி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழுதான். தசைச்சிதைவும் பார்க்கின்சனும் இப்போது அதில் உள்ளன. அடையாள அட்டை எடுத்தால்தான் மற்றக் கதவுகள் திறக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசின் பராமரிப்புத் தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய் என்று உயர்ந்தது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் 'நிராமயா' காப்பீடு உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் வரை, அதில் தெரபி செலவுக்கும் இடம் இருக்கிறது. இதைக் கேள்விப்படாத பெற்றோர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனியில், கோவை மில்லில் வேலை பார்த்தவருக்குச் சம்பளம் மாதம் 21,000க்குள் என்றால் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ இருக்கும். பக்கவாதம் போன்ற சில நீண்ட நோய்களுக்கு, சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து, சம்பளத்தில் 80 சதவீதம் வரை இரண்டு ஆண்டு வரைக்கும்கூட வாங்க முடியும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு மனுவை எழுதிக்கொண்டு கூடப் போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். அதற்கு ஒரு நாள் லீவு போதும்.

இனி பணம். ஒரு தடவைக்கு 400 என்றால் 26 நாளுக்கு 10,400. ஆறு மாதத்துக்கு 62,400. கேட்க மலைப்பாக இருக்கும். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, ஆளுக்கு மாதம் 1,750 என்று பிரித்துக்கொண்டோம். சீட்டுப் பணம் கட்டுவதுபோல ஐந்தாம் தேதிக்குள். சீட்டை ஒருநாளும் தவறவிடாத ஊர் இது, அந்தப் பழக்கம் நன்றாகவே உதவியது. பணத்தை வீட்டில் கொடுக்காமல் பிசியோதெரபிஸ்டுக்கே அனுப்பினோம். அண்ணி மேல் சந்தேகப்பட்டு இல்லை. வீட்டில் ரொக்கம் இருந்தால் முதலில் தீவனம், அடுத்து பள்ளிக்கூட பீஸ், கடைசியில்தான் பயிற்சி என்று ஆகிவிடும், எந்த வீட்டிலும் அப்படித்தான் ஆகும். அண்ணியே பால் சொசைட்டி நோட்டில் இடது பக்கம் லிட்டர் கணக்கும், வலது பக்கம் அவர் வந்த நாளும் எழுதிவைத்தார். எங்களுக்கு அந்த நோட்டு போதும்.

பெரிய அளவில் செய்ய முடிந்தவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி, மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 5 கோடி என்றால் 10 லட்சம். எங்கள் கணக்குப்படி அது 16 பேருக்கு ஆறு மாதப் பயிற்சி. சொந்தத் தொழிலாளிக்கு மட்டும் செய்வது இந்தக் கணக்கில் சேராது, நேரடியாகவோ பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகவோ பொதுவாகச் செய்ய வேண்டும். பம்ப், ஸ்பின்னிங், கோழிப்பண்ணை, ஏற்றுமதி என்று இந்த வரம்புக்குள் வரும் கம்பெனிகள் நம் பக்கம் எத்தனையோ. அந்தப் பணத்தில் சக்கர நாற்காலி வாங்கி மேடை போட்டு வரிசையாகக் கொடுக்கிறார்கள். நாற்காலி வேண்டியதுதான். ஆனால் இடுப்பு அளவு பார்க்காமல், மெத்தை இல்லாமல் கொடுத்த நாற்காலி படுக்கைப்புண்ணைக் கொண்டுவரும். வாசலில் ஒரு அடி உயரப் படி இருந்தால், சரிவுப் பாதைக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதுதான் கணக்கு. அந்தச் சிமென்ட் வேலைக்கும், வீட்டுக்கு வெளியே இருக்கும் கழிப்பறைக் கதவை அகலப்படுத்தவும் யாரும் பணம் கொடுப்பதில்லை. நாற்காலி வீட்டுக்குள்ளேயே துணி காயப்போடும் சாமானாகிவிடுகிறது.

வண்டிக் காசு என்று ஒன்று உண்டு, அதையும் மறக்கக் கூடாது. பிறவியிலேயே பாதம் வளைந்த குழந்தைக்கு பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டாகச் சில வாரம் போட்டுக் காலை நேராக்கிவிடுகிறார்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன்பிறகு பாதத்தை நேராகவே வைத்திருக்கும் விசேஷச் செருப்பை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுக்கவும், பிறகு நான்கு வயது வரை இரவிலும் போட வேண்டும். விட்டால் பாதம் திரும்ப வளையும். மாவுக்கட்டுக்கு வந்தவர்கள் செருப்பு மாற்ற வராமல் போவது பெரும்பாலும் ஒரு நாள் கூலியையும் பஸ் ஏறி இறங்கும் சிரமத்தையும் நினைத்துத்தான். டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் இல்லை, நல்லது. ஆனால் கால் வராத ஆறடி ஆளை யார் அந்தப் படியில் தூக்கி ஏற்றுவது? ஆட்டோவுக்கு மாதம் இவ்வளவு என்று ஒருவர் ஏற்றுக்கொண்டால், அதுவும் சிகிச்சைக்குக் கொடுத்ததேதான்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 'மூன்றே மாதத்தில் நடக்க வைக்கிறோம்', 'ஸ்டெம் செல் போட்டால் நரம்பு வளரும்' என்று லட்சங்களில் கேட்கும் இடங்கள் உண்டு. தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை, முறையான ஆராய்ச்சிக்கு வெளியே அதைப் பணம் வாங்கிச் செய்யக் கூடாது என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நிலைப்பாடு. நல்ல பயிற்சியாளர் 'நடப்பார்' என்று வாக்குக் கொடுக்க மாட்டார். 'இந்த ஆறு வாரத்தில் கட்டிலில் தானே புரண்டு படுக்க வைக்கப் பார்க்கிறேன்' என்று சின்னதாக, அளந்து சொல்வார். அவரிடம் ஆறு வாரம் கழித்துக் கேட்கலாம். ஆனால் நோயாளியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். கால்சட்டையோடு படுத்திருக்கும் தன் படம் ஐம்பது பேர் குரூப்பில் சுற்றுவதை அண்ணன் எங்களிடம் சொல்லவில்லை, அண்ணியிடம் அழுதிருக்கிறார்.

அவருக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பந்து, ரப்பர் எதையும் எடுத்துவரவில்லை. ஒரு போசியில் நிலக்கடலை, பக்கத்தில் காலிப் போசி. வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும். முதல் நாள் பத்துக் கடலைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவே இல்லை, கடலை கையிலிருந்து நழுவிப் பாயில் உருண்டது. நாங்கள் எடுத்துக் கொடுக்கக் குனிந்தபோது, வேண்டாம் என்று இடது கையால் தடுத்தார். ஏழாம் மாதம் போசி நிறைந்தது. சொசைட்டி நோட்டில் வலது பக்கம், ஒன்பதாம் மாதம் பன்னிரண்டாம் தேதிக்கு நேராக அண்ணி எழுதியிருப்பது: 'டம்ளர் பிடித்தார். பாதி சிந்தியது.' பாலை அவர் இன்னும் இடது கையால்தான் கறக்கிறார், வலது கை மடியைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆறு பேர் சீட்டு நிற்கவில்லை. இந்த மாதம் முதல் அந்த 10,500 ஆனைமலைப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்த ஒருவருக்குப் போகிறது. 23 வயது. அவருக்கு முதல் ஆறு வாரக் கணக்கு, கட்டிலில் இருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது.